கிளமிடியா, கொனோரியா: எந்தப் பரிசோதனை, எந்த மாதிரி, கொழும்பில் எங்கே?

கிளமிடியா, கொனோரியா இரண்டும் பாலுறவால் தொற்றும் கிருமி நோய்கள். கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் கவுண்டரில் “கிளமிடியா டெஸ்ட் செய்யவேணும்” என்று மட்டும் சொன்னால், கிடைப்பது மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்: கையில் இரத்தம் எடுத்துச் செய்யும் அன்டிபொடி (நோயெதிர்ப்புப் புரதம்) பரிசோதனை, சிறுநீரிலோ சுவாப்பிலோ (பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியிலோ) கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர், அல்லது கோடு விழுகிறதா என்று பார்க்கும் விரைவுக் கார்ட். மூன்றுக்கும் பில்லில் வரும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது எப்போதோ தொற்று இருந்திருக்கலாம் என்று சொல்லும். இரண்டாவது இப்போது இருக்கிறதா என்று சொல்லும். மூன்றாவது தொற்று உள்ளவர்களில் கணிசமானோரைத் தவறவிட்டுவிடும்.

ஆகவே “எது நல்ல டெஸ்ட்” என்று கேட்க முன், வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சீழ், எரிச்சல், வலி ஏதாவது இருக்கிறதா? உறவின்போது எந்த இடம் பட்டது: ஆணுறுப்பா, யோனியா, மலவாயா, தொண்டையா? எங்கே போவது என்பதை முதல் கேள்வி தீர்மானிக்கும், எந்த மாதிரி கொடுப்பது என்பதை இரண்டாவது தீர்மானிக்கும். பணம் இவற்றுக்குப் பிறகுதான் வரவேண்டும், ஏனென்றால் பிழையான மாதிரியில் செய்த விலை கூடிய பரிசோதனையைவிடச் சரியான மாதிரியில் செய்த இலவசப் பரிசோதனை எவ்வளவோ மேல்.

அறிகுறி இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஆண்களின் சிறுநீர்க்குழாயில் வரும் கொனோரியா அநேகமாக 2 முதல் 5 நாளுக்குள் மஞ்சள் சீழோடு தன்னைக் காட்டிக்கொள்ளும். பெண்களில் பாதிப் பேருக்கு அந்த அறிவிப்பும் கிடையாது. தொண்டையிலும் மலக்குடலிலும் தங்கினால் இரண்டுமே பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். இப்படிக் கவனிக்கப்படாமல் கிடக்கும் தொற்று மேலேறித்தான் பெண்களில் இடுப்புக்குழி அழற்சி, பலோப்பியன் குழாய் அடைப்பு, குழாய்க் கர்ப்பம் என்று முடிகிறது. ஆண்களில் விந்தகத்தை ஒட்டிய விந்துச் சுருள்குழாய் வீங்கும்.

முதலில் ஒதுக்கிவிட வேண்டியவை

இரத்தத்தில் பார்க்கும் கிளமிடியா ஐஜிஜி, ஐஜிஎம் என்ற அன்டிபொடி வகைகள். தற்போதைய தொற்றைக் கண்டுபிடிக்க இது உதவாது. கிளமிடியா கலத்துக்குள் ஒளிந்து வாழும் கிருமி. சிறுநீர்க்குழாயின் அல்லது கருப்பைக் கழுத்தின் மேலணியோடு நின்றுவிடும் சாதாரணத் தொற்றில் இரத்தத்தில் அன்டிபொடி எழாமலே போகலாம். எழுந்துவிட்டாலோ, மருந்து எடுத்துக் குணமான பின்னும் ஐஜிஜி வருடக்கணக்கில் நிற்கும். போதாக்குறைக்கு, சுவாசத் தொற்றைத் தரும் கிளமிடியா நிமோனியேயின் அன்டிபொடியும் சில பரிசோதனைக் கிட்டுகளில் குறுக்கே வந்து பொசிட்டிவ் காட்டிவிடும். இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு திருமணத்துக்கு முன்பும் பின்பும் நடக்கும் சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. இதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: குழந்தைப்பேறு தாமதமாகும் பெண்ணுக்குக் குழாய் பாதிக்கப்பட்டிருக்கக்கூடுமா என்று முன்கூட்டி ஊகிக்க, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை வைத்தியர் கேட்பது. அங்கே பழைய தொற்றின் தடயம்தான் வேண்டும். கொனோரியாவுக்கு நடைமுறையில் பயன்படும் இரத்தப் பரிசோதனை எதுவுமே இல்லை.

விடிஆர்எல் (சிபிலிசுக்கான இரத்தப் பரிசோதனை), எச்ஐவி இரண்டும் அவசியமானவை. ஆனால் அவை நெகட்டிவ் என்பது இந்த இரண்டு தொற்றையும் பற்றி எதுவும் சொல்லாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பகாலத்தில் எல்லாத் தாய்மாருக்கும் அந்த இரண்டையும் பார்ப்பதன் பலன் அது. அந்த வரிசையில் கிளமிடியாவும் கொனோரியாவும் சேரவில்லை. “கர்ப்பகாலத்தில் எல்லாம் பார்த்தாச்சு” என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தாய்க்கு இருந்தால் பிறக்கும் பிள்ளையின் கண்ணில் சீழ் கட்டலாம். கிளமிடியா என்றால் சில வாரங்கள் கழித்து நியூமோனியாவும் வரலாம்.

அடுத்தது, எல்லா வீட்டிலும் ஒரு கோப்பில் கிடக்கும் யூஎஃப்ஆர் என்ற சாதாரணச் சிறுநீர் ரிப்போர்ட். சிறுநீர் எரிவுக்கு யூஎஃப்ஆர் எழுதுகிறார்கள். பஸ் செல்ஸ் (சீழ்க்கலங்கள்) 20, 25 என்று வருகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் அனுப்புகிறார்கள். ‘நோ குரோத்’ என்று வருகிறது. சீழ்க்கலங்கள் இருக்க, கிருமி மட்டும் வளரவில்லை என்றால் யோசிக்க வேண்டியவற்றில் கிளமிடியாவும் கொனோரியாவும் முன்வரிசையில் உள்ளவை. சாதாரண யூரின் கல்ச்சர் தட்டில் கிளமிடியா எந்தக் காலத்திலும் வளராது, கொனோரியாவும் வளராது. அதோடு, கல்ச்சருக்கு நடுச் சிறுநீரைத்தான் பிடித்துக் கொடுத்திருப்பீர்கள். நமக்கு வேண்டிய கிருமி முதல் துளிகளோடு கழிவறைக்குள் போய்விட்டது. யோனியின் மேற்பகுதியில் எடுத்து வழக்கமான கல்ச்சருக்கு அனுப்பும் சுவாப்பும், பாப் ஸ்மியரும் இதே வகைதான். வேறு தேவைக்கு நல்லவை, இதற்கு ஆகாதவை.

விரைவுக் கார்ட்: ஒன்லைனில் வாங்கி வீட்டில் செய்யலாம் என்று விற்கப்படும் அன்டிஜன் கார்ட்டுகளின் உணர்திறன் (தொற்று உள்ளவரைப் பிடிக்கும் திறன்) பிசிஆரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சுயாதீனமாகச் சோதித்தபோது பாதித் தொற்றைக்கூடப் பிடிக்காத வகைகள் இருந்திருக்கின்றன. கோடு விழாத கார்ட்டைப் பார்த்து நிம்மதியடைவதற்குச் செலவழிக்கும் பணம் வீண். பெட்டியில் ‘99 வீதம்’ என்று அச்சிட்டிருந்தால், அது உணர்திறனா, தனித்தன்மையா (தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன்), யாருடைய மாதிரியில் பார்த்தது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சீழ் இருந்தால்: நுண்ணோக்கியும் கல்ச்சரும்

சீழ் வடியும் ஓர் ஆணுக்குக் கொழும்பில் மிகச் சிறந்த தெரிவு பழையதும் மலிவானதுமான கிராம் சாயமிட்ட ஸ்லைட்தான். சரியாகச் செய்தால் அறிகுறியுள்ள ஆண்களில் 95 வீதத்துக்கும் மேலான கொனோரியாவை அது பிடித்துவிடும், பிழையான பொசிட்டிவ் மிக அரிது. விடை அரைமணி நேரத்தில் கையில் இருக்கும். ஊசியையும் அன்றே போட்டுவிடலாம்.

வேலை இப்படி நடக்கிறது. சீழைத் தொட்ட சுவாப்பை ஸ்லைடில் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். தேய்த்தால் சீழ்க்கலங்கள் உடைந்துபோகும். கிருமி கலத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே கிடக்கிறதா என்பதுதான் இங்கே நோய்நிர்ணயம் என்பதால், கலம் உடைந்த ஸ்லைட் பாதி பயனிழந்த ஸ்லைட். காயவைத்து, சுடர்மேல் காட்டிப் பதித்து, கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயடீன் ஒரு நிமிடம், நிறம் கழற்ற அசற்றோன் ஒருசில விநாடி, கழுவி சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். அசற்றோனில்தான் அநேகமான பிழைகள் நேர்கின்றன. கொஞ்சம் கூடிவிட்டால் ஊதா நிறத்தில் நிற்க வேண்டிய சாதாரணக் கிருமியும் இளஞ்சிவப்பாகிவிடும். பூச்சு தடிப்பாக இருந்தால் நிறம் முழுதாய் வெளியேறாமல் எல்லாமே ஊதாவாகத் தெரியும். ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில், எண்ணெய் விட்டுப் பார்க்கையில், சீழ்க்கலத்தின் உள்ளே கோப்பிக்கொட்டை இரண்டை முகம் பார்க்க வைத்தது போல இளஞ்சிவப்பு இரட்டைகள் தெரிந்தால் அது கொனோரியா. சீழ்க்கலங்கள் மட்டும் நிறைய இருந்து இரட்டைகள் இல்லையென்றால், கொனோரியா அல்லாத சிறுநீர்க்குழாய் அழற்சி. அதன் காரணங்களில் கிளமிடியாதான் பேர்பெற்றது. கிளமிடியாவை கிராம் ஸ்லைடில் பார்க்க முடியாது. எனவே ஸ்லைட் நெகட்டிவ் என்பது கிளமிடியா இல்லை என்ற சான்றிதழ் ஆகாது.

அறிகுறி இல்லாத ஆணிடம் இந்த ஸ்லைட் வெகுவாகக் கைவிடும். பெண்களில் கருப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாலும் பாதி அளவுக்குத்தான் பிடிக்கும், நெகட்டிவ் வந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போக முடியாது. தொண்டைக்கு ஸ்லைட் பயன்படாது. அங்கே தீங்கில்லாத நைசீரியா இனங்கள் பல குடியிருக்கின்றன, நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே முகம்தான்.

கல்ச்சர் தாமதமானது, சள்ளை பிடித்தது. ஆனால் வேறு எதுவும் தராத ஒன்றை அது தரும்: எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்ற விடை. கொனோரியா பெனிசிலினை வென்றது, டெட்ராசைக்ளினை வென்றது, ஆசியா முழுதும் சிப்ரோஃப்ளொக்சசினை வென்றது. இப்போது ஊசியாகப் போடும் செஃப்ட்ரையக்சோனுக்கு உயர் எதிர்ப்புக் காட்டிய முதல் கிருமி 2009இல் ஜப்பானின் கியோட்டோவில் பிடிபட்டது. ஊசி போட்டும் சீழ் நிற்காதவருக்கு மீண்டும் ஒரு பிசிஆர் செய்து பயனில்லை, கல்ச்சர்தான் வேண்டும். இந்தக் கிருமி, மற்றக் கிருமிகளை அடக்கும் தாயர்-மார்ட்டின் வகைத் தட்டில், 35 முதல் 37 பாகை செல்சியஸில், 5 வீதம் காபனீரொட்சைட்டில் வளரும். கருவி இல்லாத இடத்தில் மெழுகுதிரி எரியவைத்து மூடிய ஜாடியும் போதும். வாசனை சேர்க்காத வெள்ளை மெழுகுதிரியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. குளிரூட்டியிலிருந்து எடுத்த தட்டில் உடனே கீறினால் கிருமி அந்தக் குளிரிலேயே செத்துவிடும், தட்டு அறைவெப்பத்துக்கு வரவேண்டும். முடிவுக்கு 48 மணிநேரம், சிலவேளை 72.

இந்தக் கிருமி உலர்ந்தால் சாகும், குளிர்ந்தாலும் சாகும். அதனால் கல்ச்சருக்குச் சுவாப் எடுக்கும் இடத்துக்கும் தட்டுக்கும் இடையிலான தூரம்தான் முக்கியம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சேகரிப்பு நிலையத்தில் எடுத்து, காலி வீதி நெரிசலில் போய், பிரதான ஆய்வுகூடத்தில் மாலையில் இறங்கும் சுவாப்பில் ஏதும் வளரவில்லை என்றால் அதற்குப் பொருள் குறைவு. சுவாப்பைக் கொண்டுசெல்லப் பயன்படும், கரி கலந்த ஏமிஸ் ஊடகத்தில், குளிரூட்டியில் வைக்காமல் கொண்டுபோனால் ஓரளவு தாங்கும். 24 மணிநேரம் தாண்டினால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். போயா விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து வரும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் கல்ச்சர் கொடுப்பதானால், அதை அன்றே தட்டில் போட ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சுவாப்பின் குச்சி மரமாகவும் பஞ்சு சாதாரணப் பருத்தியாகவும் இருப்பதும் பிரச்சினைதான். அவற்றில் உள்ள பொருள்கள் கிருமியை நசுக்கும், பொலியெஸ்டர் அல்லது நைலோன் முனைதான் பொருத்தம்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு: பிசிஆர்

பிசிஆரும் அதைப் போன்ற மரபணுப் பெருக்கப் பரிசோதனைகளும் இரண்டு கிருமிகளையும் ஒரே மாதிரியில், ஒரே ஓட்டத்தில் தேடும். உயிருள்ள கிருமி தேவையில்லை. எனவே காலி வீதி நெரிசல் இதை அவ்வளவாகப் பாதிக்காது. ஸ்கிரீனிங் என்று வந்தால் இதற்குப் போட்டி கிடையாது. ஜீன்எக்ஸ்பேர்ட் போன்ற கார்ட்ரிட்ஜ் கருவியில் ஓட்டம் ஏறத்தாழ 90 நிமிடம். பெரிய கருவிகளில் பல மாதிரிகள் சேர்ந்ததும் ஓட்டுவார்கள் என்பதால் ரிப்போர்ட்டுக்கு நாள்கணக்கு. “எத்தனை மணிக்கு முடிவு வரும்” என்ற கேள்விக்கு வரும் பதிலைவிட, “இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா” என்ற கேள்விக்கு வரும் பதில் அதிகம் சொல்லும்.

கருவி எவ்வளவு திறமானது என்றாலும் கப்பில் உள்ளதைத்தான் அது பார்க்கும். ஆண்கள் சிறுநீர் கொடுக்கலாம், குழாய்க்குள் சுவாப் விடத் தேவையில்லை. குறைந்தது ஒரு மணிநேரம் சலம் கழிக்காமல் இருந்து, உறுப்பைக் கழுவாமல், வரும் முதல் பகுதியை மட்டும் 20 முதல் 30 மில்லிலீற்றர் வரை பிடியுங்கள். மீதியைக் கழிவறையில் விடுங்கள். கவுண்டரில் கொடுக்கும் யூரின் கப்பில் பாதிக்கு மேல் நிரப்பிக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம், யூஎஃப்ஆருக்குப் பழகிய கை அப்படித்தான் செய்யும். முதல் துளிகளில்தான் சிறுநீர்க்குழாயிலிருந்து உதிர்ந்த கலங்கள் வருகின்றன. 100 மில்லிலீற்றர் பிடித்தால் அதே கலங்கள் நாலைந்து மடங்கு நீரில் கரைந்துபோகும், எல்லைக்கோட்டில் உள்ள தொற்று தவறிவிடும். பிடித்த கப்பிலிருந்து ஒரு சிறு பங்கு பாதுகாப்புத் திரவமுள்ள குழாய்க்கு மாற்றப்படும். அந்தக் குழாயில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் திரவம் அவற்றுக்கு இடையில் நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஆய்வுகூடம் மாதிரியைத் திருப்பி அனுப்பும்.

பெண்களுக்குச் சிறுநீர் இரண்டாம் தெரிவு. யோனிச் சுவாப்போடு ஒப்பிட்டால் சிறுநீர் 10 வீதம் வரை தொற்றுகளைத் தவறவிடலாம். சுவாப்பைத் தாமே எடுத்தாலும் வைத்தியர் எடுத்ததற்கு இணையான முடிவே வருகிறது. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி வேண்டாம், படுக்கை வேண்டாம், கழிவறைக் கதவு பூட்டினால் போதும். சுவாப்பின் முனையைத் தொடாமல் எடுத்து, 5 சென்ரிமீற்றர் அளவு உள்ளே விட்டு, சுவரில் படும்படி 10 முதல் 30 விநாடி சுழற்றி, குழாயில் போட்டு, குச்சியிலுள்ள கோட்டில் உடைத்து, மூடியை இறுக்குங்கள். குழாயில் உள்ள திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். அது கழுவும் தண்ணீர் அல்ல, கிருமியின் மரபணுவைக் காப்பாற்றும் மருந்து. எடுக்குமுன் உள்ளே கழுவுவதும், ஜெல், கிறீம் பூசுவதும் கூடாது. சில ஜெல்களில் உள்ள பொருள்கள் பிசிஆரை அடக்கிவிடும். மாதவிடாய் நாள்களில் சிறு இரத்தம் பெரும்பாலான கிட்டுகளுக்குத் தடையில்லை, பெருக்கு அதிகமென்றால் சில நாள் பொறுக்கலாம். சிறுநீர் மட்டும்தான் ஏற்போம் என்று சொல்லும் இடத்தில், பெண்ணாக இருந்தால் வேறு இடம் தேடுவதுதான் எங்கள் அபிப்பிராயம்.

அடுத்தது எல்லோரும் தவறவிடும் இடம். மலவாய் உறவு கொண்டவருக்குச் சிறுநீர் மட்டும் பார்த்தால் பாதி வீட்டைத்தான் கூட்டியதாக இருக்கும். மலக்குடலிலும் தொண்டையிலும் உள்ள தொற்று சிறுநீரில் வராது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களில் சிறுநீர் நெகட்டிவாக இருக்க மலக்குடலோ தொண்டையோ பொசிட்டிவாக வருவது வழமை. மலவாய்ச் சுவாப்பை 3 முதல் 4 சென்ரிமீற்றர் உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். மலம் அப்பி வந்தால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள். தொண்டைச் சுவாப் இரு பக்க ரொன்சிலிலும் பின்சுவரிலும் பட வேண்டும், நாக்கில் பட்டுத் திரும்பினால் வேலைக்காகாது. இவற்றுக்கு ஒரு நிபந்தனை: அந்த ஆய்வுகூடத்தின் கிட் அந்த இடத்துக்கு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2019 மே மாதத்தில்தான் முதன்முதலாக இரண்டு கிட்டுகளுக்குத் தொண்டை, மலக்குடல் மாதிரிக்கு அனுமதி தந்தது. தொண்டையில் தீங்கற்ற நைசீரியாக்கள் பழைய கிட்டுகளைக் கொனோரியா என்று ஏமாற்றியிருக்கின்றன. எனவே தொண்டைப் பொசிட்டிவை வேறொரு மரபணுப் பகுதியைத் தேடும் இரண்டாவது பரிசோதனையால் உறுதிப்படுத்துவது நல்ல பழக்கம்.

பிசிஆரும் குறையற்றதல்ல. 2006இல் சுவீடனில் கிளமிடியா திடீரெனக் குறைந்துவிட்டதாகத் தெரிந்தது. கிருமி தன் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில் 377 அலகுகளை இழந்திருந்தது, அந்த இடத்தையே தேடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கம்பனிகளின் கிட்டுகளுக்கு அது கண்ணில் படவில்லை. 2019இல் பின்லாந்திலும் இதே கதை, வேறு கிட்டில். இப்போதைய நல்ல கிட்டுகள் இரண்டு இலக்குகளைத் தேடுகின்றன. கிட்டின் பெயரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேனல் என்ற பொறி

அண்மைக்காலமாகத் தனியார் துறையில் “எஸ்டிஐ (பாலியல் தொற்று) பேனல்” என்று 7, 10, 12 கிருமிகளை ஒரேயடியாகத் தேடும் பிசிஆர் விற்பனைக்கு வந்திருக்கிறது. கூடப் பணம் கொடுத்தால் கூடப் பாதுகாப்பு என்று தோன்றும். பேனலில் கிளமிடியாவும் கொனோரியாவும் ட்ரைக்கமோனஸும் இருப்பது சரி. கூடவே யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், கார்ட்னரெல்லா என்பவையும் வருகின்றன. இவை நோயில்லாத பெரியவர்களிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. பொசிட்டிவ் என்று சிவப்பில் அச்சடித்து வந்ததும், மருந்து வேண்டாதவர் மருந்து தேடி அலைகிறார், கணவன் மனைவியைச் சந்தேகிக்கிறார், தேவையில்லாத அன்ரிபயோட்டிக் உடலுக்குள் போகிறது. அறிகுறியில்லாதவர்களில் யூரியாபிளாஸ்மாவையும் ஹோமினிஸையும் வழமையாகத் தேட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் நிலைப்பாடு. இரண்டு கிருமிகளை மட்டும் தேடும் பிசிஆரைக் கேளுங்கள்.

அரச கிளினிக்கா, தனியாரா?

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய எஸ்டிடி (பாலியல் நோய்) எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. கடிதம் தேவையில்லை, கட்டணம் இல்லை, விபரம் இரகசியமாக வைக்கப்படும். நாடு முழுதும் உள்ள எஸ்டிடி கிளினிக்குகளும் இதே வழியில் நடப்பவை. இதன் பெரிய பலம், ஸ்லைட், வைத்தியர், ஊசி, மருந்து, துணையை அழைத்துவரும் ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது. சீழோடு, வலியோடு இருப்பவர் வேறு எங்கேயும் போகத் தேவையில்லை. விந்தகம் வீங்கிய ஆணுக்கும், அடிவயிற்று வலியோடு காய்ச்சல் உள்ள பெண்ணுக்கும் இது இன்னும் பொருந்தும். கல்ச்சர் தேவையானவருக்கும் முதலில் போகவேண்டிய இடம் இதுதான். அறிகுறி ஒன்றும் இல்லாமல் கிளமிடியா பிசிஆர் மட்டும் வேண்டும் என்பவர், அது தனக்குச் செய்யப்படுமா என்று போனவுடன் வாய்திறந்து கேட்க வேண்டும். இரத்தம் எடுத்ததோடு எல்லாம் பார்த்தாயிற்று என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது.

காலையில் போங்கள், போகுமுன் இரண்டு மணிநேரம் சலம் கழிக்காமல் இருங்கள். வரிசையில் தெரிந்தவர் முகம் பார்க்கவேண்டி வருமே என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அங்கே நிற்பவரும் அதே காரணத்துக்காகத்தான் நிற்கிறார். உள்ளே தமிழில் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள். எந்த இடம் உறவில் பட்டது என்பதைத் தாதியிடமோ வைத்தியரிடமோ மறைத்தால், பிழையான இடத்திலிருந்து சுவாப் எடுக்கப்பட்டுவிடும்.

தனியார் வைத்தியசாலை ஆய்வுகூடங்களின் வசதி நேரமும் தனிமையும். அறிகுறியில்லாதவர், பணம் இருப்பவர், கிளினிக்குக்கு வேலைநாளில் விடுப்பு எடுக்க முடியாதவர் இங்கே போகலாம். ஆனால் ரிப்போர்ட் மட்டும்தான் கையில் கிடைக்கும். பொசிட்டிவ் வந்தால் அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவை: இது இரத்தமா, பிசிஆரா? பெண்களுக்கு யோனிச் சுவாப் ஏற்பீர்களா? தொண்டை, மலவாய்ச் சுவாப் ஏற்பீர்களா? இரண்டு கிருமிக்கும் தனித்தனி முடிவு வருமா? பதில் சொல்பவர் முதல் கேள்விக்கே தடுமாறினால் ஆய்வுகூடப் பிரிவுக்கு இணைப்புத் தரச் சொல்லுங்கள். ரிப்போர்ட் குறுஞ்செய்தியாக வரும் இடமென்றால், பதிவில் உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுங்கள். வீட்டாருக்குப் பொதுவான தொலைபேசிக்கு இணைப்பு போய்ச்சேர்ந்த பிறகு வருந்திப் பயனில்லை.

கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் உள்ள குடும்பத் திட்டச் சங்கத்தின் கிளினிக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. என்னென்ன பரிசோதனை அங்கேயே செய்கிறார்கள் என்று அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எப்போது செய்வது, முடிவை எப்படி வாசிப்பது?

அறிகுறி இருந்தால் இன்றைக்கே. இல்லையென்றால், சந்தேகமான உறவிலிருந்து 2 வாரம் கழித்துச் செய்யும் பிசிஆரைத்தான் நம்பலாம். அதற்கு முன் நெகட்டிவ் வந்தால் 2 வாரம் முடிந்ததும் மறுபடி கொடுங்கள். பாமசியில் அஸித்ரோமைசினோ சிப்ரோவோ வாங்கி விழுங்கிவிட்டுப் பரிசோதனைக்கு வருவது பெரிய இடைஞ்சல். அரைகுறை மருந்தில் கல்ச்சர் வளராது, ஸ்லைட் நெகட்டிவாகும், பிசிஆர் செத்த கிருமியின் மரபணுவைப் பிடித்துப் பொசிட்டிவ் காட்டும். மூன்றும் மூன்று கதை சொல்லும். அப்படி எடுத்துவிட்டிருந்தால், எந்த மருந்து, எத்தனை மாத்திரை, என்றைக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பொசிட்டிவ் என்ற சொல்லின் எடை ஆளுக்கு ஆள் மாறும். உணர்திறன் 95 வீதமும் தனித்தன்மை 99 வீதமும் உள்ள ஒரு பரிசோதனையை, நூற்றில் ஒருவருக்குத் தொற்றுள்ள 1,000 பேரிடம் செய்தால், உண்மையான பொசிட்டிவ் 9 அல்லது 10, பிழையான பொசிட்டிவும் 10. ஐந்தில் ஒருவருக்குத் தொற்றுள்ள 1,000 பேரிடம் செய்தால் உண்மையானது 190, பிழையானது 8. சந்தேகத்துக்கு இடமே இல்லாத வாழ்க்கையில் எதிர்பாராத பொசிட்டிவ் வந்தால், சண்டைக்குப் போகுமுன் புதிய மாதிரியில் மறுபரிசோதனை கேட்பது நியாயம். ‘இன்வேலிட்’ என்று வந்தால் அது நெகட்டிவ் அல்ல. மாதிரியில் உள்ள ஏதோ ஒன்று பிசிஆரை ஓடவிடவில்லை, மறுபடி கொடுக்க வேண்டும். 

ஸ்கிரீனிங் யாருக்கு என்றால், பாலியல் உறவில் இருக்கும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் எல்லோரும் வருடம் ஒருமுறை என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்குக் குறைந்தது வருடம் ஒருமுறை, துணைகள் அதிகமென்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. புதிய துணை, ஒரே நேரத்தில் பல துணை, துணைக்குப் பொசிட்டிவ் என்பவை வயது பார்க்காத காரணங்கள்.

சிகிச்சை முடிந்த மறுவாரமே பிசிஆர் செய்து பார்த்துப் பதறாதீர்கள். கிளமிடியாவின் செத்த மரபணு 3 வாரத்துக்கு மேலும் கிடக்கலாம். கர்ப்பிணிக்குக் குணமானதா என்று பார்ப்பது 4 வாரம் கழித்து. தொண்டைக் கொனோரியா மருந்துக்கு எளிதில் போகாது என்பதால் 7 முதல் 14 நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 3 மாதத்தில் மறுபரிசோதனை, ஏனென்றால் திரும்பி வருபவற்றில் பெரும்பகுதி மருந்து தோற்றதால் வருவதல்ல, மருந்து எடுக்காத துணையிடமிருந்து மீண்டும் தொற்றுவது. துணையும் மருந்து எடுத்து 7 நாள் கழியும்வரை உறவு வேண்டாம். கடந்த 60 நாளில் உறவு கொண்ட எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நேரே சொல்ல வாய் வரவில்லை என்றால், பெயர் வெளியே வராமல் அவர்களை எப்படி அழைப்பது என்று எஸ்டிடி கிளினிக்கில் கேளுங்கள், அதுவும் அவர்கள் வேலையில் ஒரு பங்குதான்.